திருப்பிப் போட்ட எக்ஸ்ரே

1983 ஜனவரி 3, திங்கள்

தின்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் தைரியராஜ். என் வீட்டுக்காரர் அற்புதசாமி கோயில்பிள்ளை. பூசைக்கு மணி அடிப்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவர் வேலை. பங்குச்சாமியாருக்கு யாரோ கொடுத்த இந்த டைரியைக் கேட்டு வாங்கி வந்தார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அன்றைய புனிதரின் பெயர் இருக்கிறது. அவர் உயிரைக் கொடுத்து வேதசாட்சி ஆனதற்குக் கீழே நான் இட்லி எழுத வேண்டும்.

காலை: இட்லி மூன்று.

நாத்தனார் ரோசம்மாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏழுன்னு எழுது. டாக்டர்கிட்டயே பொய்யா" என்றாள். புருஷனைப் பறிகொடுத்து எங்களோடு வந்து தங்கிய இந்த ஆறு வருடத்தில் அவளுக்குப் பொழுதுபோக்கு என் தட்டுதான்.

காலை: இட்லி ஏழு.

ஜனவரி 4

இட்லிக்கு வேறு நோட்டு வாங்கிவிட்டேன். அது டாக்டருக்கு. இது எனக்கு. இதை அவர் படித்தால் எனக்கு வயிற்றை மட்டுமல்ல, வாயையும் சேர்த்துத் தைத்துவிடுவார்.

ஆபரேஷன் வரைக்கும் வந்தது எப்படி என்று எழுதிவிடுகிறேன். பாலக்கரைப் பக்கம் ஒரு தியேட்டரில் பெண்கள் கவுண்டரில் பதினாறு வருடமாக டிக்கெட் கொடுக்கிறேன். கவுண்டர் என்றால் ஒரு பெட்டி. முன்னால் கை நுழைகிற ஓட்டை, பின்னால் ஒரு கதவு. கிறிஸ்துமஸுக்குப் புதுப்படம். மேட்னிக்கு உள்ளே போனவள் வெளியே வர முடியவில்லை. கதவு நிலையில் மாட்டிக்கொண்டேன். ஆபரேட்டர் ஒரு கையையும் வாட்ச்மேன் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். சோடாக்காரருக்குப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் யோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். படம் பார்க்க வந்த கூட்டம் முழுக்க என்னைச் சுற்றி நின்றது. "டிக்கெட் வாங்கினவங்க மட்டும் பாருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிலை பெயர்ந்தது, நான் வந்தேன்.

அன்று சாயங்காலம் வரை மூச்சு அடங்கவில்லை. அதற்காகத்தான் டாக்டரிடம் போனது. படுத்துத் தூங்கி இரண்டு வருடம் ஆகிறது. படுத்தால் மூச்சு நின்று போகிறது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். இதையும் டாக்டரிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

ஜனவரி 10

தென்னூர் ஆஸ்பத்திரித் தராசு நூற்றிருபது கிலோவோடு நின்றுவிட்டது. முள்ளு அதற்கு மேல் போக இடமில்லாமல் ஆடியது. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பினார். வெங்காய மண்டியில் மூட்டை போடுகிற தராசில் ஏறி நின்றேன். மண்டிக்காரர் மரியாதையானவர், மூட்டைகளைத் தள்ளி இடம் கொடுத்து, "அம்மா, ஆடாம நில்லுங்க" என்றார். நூற்று இருபத்தொன்பது. சாக்கு எடை கழிக்கவில்லையா என்று கேட்டேன்.

டாக்டர் தைரியராஜ் அமெரிக்காவில் படித்து வந்தவர். முப்பத்தெட்டு வயதுதான் இருக்கும். இரைப்பையின் மேல்பக்கத்தில் சின்னதாக ஒரு பை மாதிரி பிரித்துத் தைத்துவிடுவார்களாம். அதற்கு மேல் தின்ன முடியாது. இந்த ஆஸ்பத்திரியில் இதுதான் முதல் தடவை, ஃபீஸ் வேண்டாம் என்றார். பழகிக்கொள்ள ஒரு உடம்பு வேண்டுமல்லவா. என்னுடையதில் பழக நிறைய இடமும் இருக்கிறது.

கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்மா, இப்படியே விட்டா ரெண்டு வருஷம், மூணு வருஷம். அதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

அதற்குப் பதிலாக என்ன தமாஷ் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன்.

ஜனவரி 19

இன்று முழுப் பரிசோதனை. இடது விலாவுக்குக் கீழே எட்டு வருடமாக வந்து போகிற வலியைச் சொன்னேன். கேஸ் என்றார். பார்த்த டாக்டர் எல்லோரும் கேஸ் என்றுதான் சொன்னார்கள். எனக்குக் கால் வலித்தாலும் உடம்பைக் குறை, காது வலித்தாலும் உடம்பைக் குறை. நாளைக்கு என்னை நாய் கடித்தாலும் உடம்பைக் குறைக்கத்தான் சொல்வார்கள்.

குழாயை இடது மார்பில் வைத்துக் கேட்டார். நகர்த்தி நகர்த்தி வைத்தார். முகத்தைச் சுளித்தார். "டாக்டர் தம்பி, இந்தப் பக்கம் வையுங்க. எனக்கு நெஞ்சு வலதுலதான் அடிக்குது" என்றேன்.

சிரித்தார். "உங்களுக்கு எல்லாமே தமாஷ்மா. கொழுப்பு கனமா இருக்கு, சத்தம் அமுங்கிப் போகுது. அவ்வளவுதான்."

இவரும் அவ்வளவுதான். எனக்கு வலதில் அடிப்பது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும். கோயிலில் பாவமன்னிப்பு ஜெபம் சொல்லும்போது எல்லோரும் வலது கையால் இடது மார்பில் அடித்துக்கொள்வார்கள். நான் இடது கையால் வலது மார்பில் அடிப்பேன். துடிக்கிற இடத்தில்தானே அடிக்க வேண்டும்? ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் இதற்காகவே முட்டி போட வைத்திருக்கிறார். நான் கேலி செய்கிறேனாம். மற்றவர்களுக்கு எங்கே இருக்கிறது என்று நான் தடவியா பார்த்தேன்? ஆளுக்கு ஒரு பக்கம், இடக்கை வலக்கை மாதிரி என்று நினைத்திருந்தேன்.

கல்யாணமான இந்த இருபத்துநான்கு வருடத்தில் வீட்டுக்காரருக்கு இது ஒன்றுதான் என்னிடம் தீராத வருத்தம். பீடத்துக்குப் பக்கத்தில் மணியோடு முழங்காலில் நிற்பவர் அவர். பெண்கள் பக்கத்தில் அவர் பெண்டாட்டி மட்டும் தப்புக் கையால் தப்புப் பக்கம்.

ஜனவரி 27

இசிஜி. லூர்துராணி என்கிற நர்ஸ் கையிலும் காலிலும் ஒயர் மாட்டினாள். காகிதத்தைப் பார்த்தவள் உதட்டைக் கடித்தாள். படம் தலைகீழாக வருகிறதாம், கை ஒயரை மாற்றி மாட்டியிருப்பேன் என்றாள். இந்தக் கை ஒயரை அந்தக் கையில் மாட்டினாள். "இப்ப சரியா வந்திருச்சு" என்று எனக்கே காட்டினாள்.

அவளிடமும் சொன்னேன், எனக்கு வலது பக்கம் என்று. "அக்கா, நீங்க ரொம்ப ஜாலி டைப்" என்றாள்.

பிப்ரவரி 2

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினில் ஏதோ எரிந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் அடைக்கலம் என்பவர் எக்ஸ்ரே நிலையம் வைத்திருக்கிறார், அங்கே எடுத்து வரச் சொன்னார்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் நான் ஒருத்தி. பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றுகொண்டே வந்தார்.

அடைக்கலம் ஐம்பது வயதுக்காரர். நெற்றி நிறைய விபூதி. இருபது வருட அனுபவம், இதுவரை ஒரு டாக்டரும் என் படத்தைத் திருப்பி அனுப்பியதில்லை என்று நான் கேட்காமலே சொன்னார். ஒரு பிளேட்டில் நான் அடங்கவில்லை, இரண்டு எடுத்தார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இழுக்க முடிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்?

பிப்ரவரி 4

டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, உங்க இதயம் இடது பக்கம் சமத்தா உட்கார்ந்திருக்கு." ஓரத்தில் வெள்ளை மையில் இடது என்பதற்கான இங்கிலீஷ் எழுத்துகூட இருந்தது.

ஆக, படமே சொல்லிவிட்டது. நாற்பத்தாறு வருடமாக இந்த உடம்புக்குள் குடியிருப்பவள் நான். ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்த மெஷினுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஆபரேஷன் 28-ம் தேதி.

பிப்ரவரி 16, சாம்பல் புதன்

"தபசு காலத்தை ஒழுங்கா அனுசரிச்சிருந்தா ஆபரேஷனே வேண்டாம்" என்றாள் ரோசம்மாள். அவள் நோன்பிருந்து எழுந்து தின்ற தோசை ஒன்பது. நான் எண்ணினேன்.

பிப்ரவரி 17

பயமா இருக்கு.

யார்கிட்ட சொல்றது? சொன்னா சிரிப்பாங்க. நானே பழக்கி வெச்சது. வாயைத் தொறந்தா சிரிக்கணும்னு அத்தனை பேரையும் பழக்கிட்டேன். இப்ப நிஜமாவே ஒண்ணு சொல்லணும், கேக்க ஆளில்லை. வயித்தைக் கிழிக்கிறவர் உள்ள எது எங்க இருக்குன்னு தப்பா நினைச்சுக்கிட்டுக் கிழிச்சா? நெஞ்சு பக்கம் மாறியிருந்தா மத்ததெல்லாம் எங்க இருக்கு? இல்ல, படம்தான் சரியா? நான்தான் பைத்தியமா?

என் பேர் வியாகுலம்மாள். துயரம் என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்துவிட்டு எல்லோரும் என்னைச் சிரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 20, ஞாயிறு

காலைப் பூசையில் வழக்கம்போல இடது கையால் வலதில் அடித்தேன். ஆபரேஷனுக்கு முந்தின வாரம், கோயிலில் என்னை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ரோசம்மாள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் வீட்டுக்காரர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் குறையும். கத்திக்குப் போகிற நேரத்திலாவது ஆண்டவரிடம் விளையாடாதே என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவையாவது எல்லோரையும் போலச் செய், எனக்காகச் செய் என்றார்.

எனக்கு ஒரு கேலியும் வரவில்லை. "நான் அடிக்கிற எடத்துலதாங்க அது இருக்கு. வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பட்டப்பகலில் கதவைச் சாத்துகிற ஆள் அவர் இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டார், கோயிலில் போடுகிற மாதிரியே. இடது மார்பில் காதை வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். எண்ணெய் தேய்த்த அவர் தலை என் தாடையில் இடித்தது. பிறகு வலது பக்கம் வைத்தார்.

எடுக்கவேயில்லை.

நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

கதவைத் திறந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். வெளியே ரோசம்மாள் என்ன விஷயம் என்று கேட்டது காதில் விழுந்தது. அக்காவிடம் அவர், "நீ இனிமே அவ தட்டைப் பாக்காத" என்றார். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் இனித்தது.

பிப்ரவரி 21

வீட்டுக்காரர் தனியாக டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். டாக்டர் அவருக்கும் படத்தை மாட்டிக் காட்டியிருக்கிறார். பொறுமையாகத்தான் பேசினாராம். காதை விட எக்ஸ்ரே பெரிது என்றாராம். இவர் அந்த வெள்ளை எழுத்தைக் காட்டி, "இதை எப்ப எழுதுவாங்க, படம் எடுக்கிறதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டிருக்கிறார். பின்னாடி, படம் காய்ந்ததும் எழுதுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொன்ன பிறகு டாக்டரும் கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்தாராம். ஆனாலும் ஆபரேஷன் தேதியை மாற்றவில்லை. புதுப்படம் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றாராம்.

ஞானஸ்நானப் பதிவேட்டை இருபது வருடமாகப் பார்த்தவர் என் வீட்டுக்காரர். யார் எப்போது எழுதினார்கள் என்பதுதான் முதலில் அவர் கண்ணில் படும்.

பிப்ரவரி 22

மறுபடி ஸ்ரீரங்கம். அடைக்கலத்துக்கு எங்களைப் பார்த்ததும் முகம் கோணியது. தன் படத்தில் தப்பா என்று எகிறினார். எப்படி எழுதுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் வீட்டுக்காரர். அடைக்கலம் சொன்னார்: படம் காய்ந்ததும் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். இதயம் எந்தப் பக்கம் தெரிகிறதோ அது இடது. வலதில் தெரிந்தால் ஃபிலிமைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன் என்று அர்த்தம். மாற்றிப் பிடித்துக்கொண்டு எழுத்துப் போடுவேன்.

அவ்வளவுதான் விஷயம். இதயத்தைப் பார்த்து இடது எழுதுகிறார். இடதைப் பார்த்து டாக்டர் இதயம் என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி வெங்காய மூட்டை மாதிரி நிற்கிறேன், என்னை ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் மடியிலிருந்து கோயில் பீரோவின் இரும்புச் சாவியை எடுத்தார். என் கை நீளத்தில் பாதி இருக்கும். அதை என் இடது விலாவில் வைத்து பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். "இப்ப எடுங்க. ஃபிலிமை எப்படித் திருப்பினாலும் சாவி இருக்கிற பக்கம் இடது."

படம் கழுவி வெளியே வந்தது. ஒரு பக்கம் சாவி பளிச்சென்று இருந்தது. மறு பக்கம் என் இதயம். இரண்டுக்கும் சண்டை வந்து தள்ளித் தள்ளி உட்கார்ந்த மாதிரி.

அடைக்கலம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்தார். அவரை நன்றாகக் கடித்துக் குதற வாய்க்கு வந்துகொண்டே இருந்தது. அதற்குள் அவரே மெதுவாக, "இந்த இருபது வருஷத்துல இப்படி நாலு படம் திருப்பினது ஞாபகம் இருக்கும்மா. அதுல ஒரு தொட்டியத்து அம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

பிப்ரவரி 23

டாக்டர் தைரியராஜின் பெயரில் இருந்த தைரியம் இன்றைக்கு லீவு. புதுப்படத்தைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குழாயை வலது மார்பில் வைத்தார். உடனே கேட்டது அவருக்கு.

எனக்கு எல்லாமே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாறி இருக்கிறதாம். கல்லீரல் இடது, இரைப்பை வலது, எல்லாமே. பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி இருக்குமாம், அதனால் ஒன்றும் கெடுதல் இல்லையாம். மற்றவர்களுக்கு வலது விலாவுக்குக் கீழே இருக்கிற பித்தப்பை எனக்கு இடதில். "அந்த வலி... அது கேஸ் இல்லாம பித்தக்கல்லா இருக்கலாம்" என்றார். தரையைப் பார்த்துச் சொன்னார்.

எட்டு வருடம். எத்தனை சீரகத் தண்ணீர், எத்தனை ஓமத் தண்ணீர் குடித்திருப்பேன். ஆத்திரம் வந்தது. நிஜமான ஆத்திரம். நான் குண்டா இருந்தேன், அதனால என் வலியும் குண்டாத்தான் இருக்கும்னு அத்தன பேரும் முடிவு பண்ணிட்டாங்க.

மார்ச் 2

28-ம் தேதி போய்விட்டது. டாக்டர் என்னை வேறு ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்க்கிறார். இப்படி ஒரு உடம்பில் இந்த ஆபரேஷனை நான் பார்த்ததும் இல்லை, படித்ததும் இல்லை என்றார். கை பழகின பக்கம் ஒன்று, உங்கள் வயிறு வேறு பக்கம் என்றார்.

நான் மாட்டேன் என்றேன். அவர் காரணம் கேட்டார். "தம்பி, நான் சொல்றதை நம்புற டாக்டர் ஊர் உலகத்துல நீங்க ஒருத்தர்தான். அதுவும் ஒரு வாரமாத்தான். இன்னொரு ஊருக்குப் போய் முதல்லேருந்து சிரிக்க வெக்க எனக்கு மூச்சு இல்லை."

யோசிக்க ஒரு மாதம் கேட்டார். கொடுத்தேன். என்னிடம் இரண்டு மூன்று வருடம் இருக்கிறதென்று அவர்தானே சொன்னார்.

மார்ச் 21

டாக்டர் கண்ணாடி முன்னால் நின்று தையல் போட்டுப் பழகுகிறாராம். ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போனபோது லூர்துராணி சொன்னாள். ஆட்டு இரைப்பை வாங்கி மேஜையில் மாற்றி வைத்துத் தைக்கிறாராம். வீட்டில் இடது கையால் சாப்பிடுகிறார் என்று அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுப் புகார் சொன்னாராம். தான் எடுத்த இசிஜியைப் பற்றி லூர்துராணி பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. போகும்போது மட்டும் என் தலைக்குப் பின்னால் ஒரு தலையணை கூடுதலாக வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 10, ஞாயிறு

நாளை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து எழுதுகிறேன். டாக்டர் வந்து, நாளைக்கு எல்லோரும் இடம் மாறி நிற்போம், நான் இந்தப் பக்கம், உதவி டாக்டர் அந்தப் பக்கம், கத்தி கொடுக்கிற நர்ஸ் எதிர்ப்பக்கம் என்று கைகளால் காட்டினார். நான் என்ன செய்ய வேண்டும் என்றேன். படுத்திருந்தால் போதும் என்றார். அதுதான் தம்பி என்னால் முடியாதது என்றேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. மயக்க மருந்து டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டேன், மூச்சுக்கு மெஷின் இருக்கிறது என்றார்.

வீட்டுக்காரர் ஜெபமாலை உருட்டிக்கொண்டு வராந்தாவில் இருக்கிறார். ரோசம்மாள் வந்து என் காலை அமுக்கிவிட்டாள். வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காததைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் பயம் வந்தது.

நான் வராம போயிட்டா கவுண்டருக்கு ஒல்லியா ஒருத்தியைப் போடுவாங்க. நிலையை மாத்த வேண்டியதில்லை.

ஏப்ரல் 17

இருக்கிறேன். எழுத்து கோணுகிறது.

ஏப்ரல் 20

ஐந்தரை மணி நேரம் ஆனதாம். பித்தப்பையில் கல் பதினொன்று. கண்ணாடிப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். இடது பக்கத்துக் கல். ரோசம்மாளிடம், இது என்னோட கேஸு, நல்லாப் பாருங்கக்கா என்று நீட்டினேன்.

தைக்கும்போது டாக்டர் இரண்டு தடவை நின்று, கண்ணை மூடித் திறந்து, பிறகுதான் தொடர்ந்தாராம். லூர்துராணி சொன்னது.

உணவு: கஞ்சித் தண்ணீர் ஆறு ஸ்பூன். அதற்கே வயிறு நிறைந்துவிட்டது. இது பொய் இல்லை, ரோசம்மாளே எண்ணினாள்.

ஏப்ரல் 24

அடைக்கலம் பஸ் ஏறி வந்து பார்த்தார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். நான் தின்ன முடியாது என்று தெரிந்ததும் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈயத்தில் எழுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறாராம். இனிமேல் ஆளை நிறுத்தும்போதே பிளேட்டில் அதை ஒட்டிவிட்டுத்தான் படம் எடுப்பாராம். தொட்டியம் போய் விசாரித்தேன் என்றும் சொன்னார். அந்த அம்மா நன்றாக இருக்கிறார், அப்போது படம் எடுத்தது வெறும் சளிக்குத்தான் என்றார்.

சாத்துக்குடியை ரோசம்மாளிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.

மே 29

எட்டு கிலோ குறைந்திருக்கிறது. பதினெட்டு என்று எழுத ஆசையாக இருந்தது.

ஜூலை 12

வாந்தி. ஒரு வாய் அவசரமாக விழுங்கினேன், அதற்குத் தண்டனை. தின்பதற்கு இத்தனை கவனம் வேண்டும் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே தின்று தீர்த்திருப்பேன். முன்னாலேயும் தின்றுதான் தீர்த்தேன்.

தெருவில் ஒருத்தி, "என்னக்கா, வியாதியா, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க" என்று துக்கம் விசாரித்தாள். குண்டாக இருந்தபோது மூச்சு வாங்கியதை ஒருத்தியும் விசாரிக்கவில்லை.

ஆகஸ்ட் 7

படுத்துத் தூங்கினேன். பாயில். ஒருக்களித்து.

செப்டம்பர் 19

கவுண்டருக்குத் திரும்பிவிட்டேன். முதலாளி என்னை வரவேற்றுப் பேசிவிட்டு, பெயர்ந்த நிலையை அகலப்படுத்திக் கட்டியிருப்பதைக் காட்டினார். இப்போது அந்தக் கதவில் நானும் ரோசம்மாளும் கைகோத்துக்கொண்டு போகலாம். உடம்பு இறங்கிய பிறகு கதவை அகலப்படுத்துகிற ஊர் இது.

டிசம்பர் 11, ஞாயிறு

திருச்சி டாக்டர்களெல்லாம் கூடிய கூட்டத்தில் டாக்டர் தைரியராஜ் என் கதையைப் படித்தார். நோயாளியும் வர வேண்டும் என்று கார் அனுப்பினார். நானும் வீட்டுக்காரரும் போனோம். மேடையில் என்னை உட்கார வைத்தார்கள். வீட்டுக்காரர் கடைசி வரிசையில், சட்டையின் மேல் பட்டனையும் போட்டு, பூசைக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

விளக்கை அணைத்து, திரையில் என் உள்ளுக்குள் இருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினார். சாவிப் படமும் வந்தது. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். தமிழில் வந்த பாதியில் எனக்குப் புரிந்தது இது: ஆபரேஷனுக்கு முன் கவனமாகப் பரிசோதித்ததில் நோயாளிக்கு உறுப்புகள் பக்கம் மாறியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

கண்டுபிடிக்கப்பட்டது. யாரால் என்று சொல்லவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். எழுந்தேன். இப்போது தொண்ணூற்றிரண்டு கிலோ, எழுந்து நிற்க நாற்காலியைப் பிடிக்க வேண்டியதில்லை. டாக்டர் என் உயிரைக் காப்பாற்றினார், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன் என்றேன். பிறகு கடைசி வரிசையைக் காட்டினேன். "ஆனா கண்டுபுடிச்சது அவருங்க. எங்க வீட்டுக்காரர். பாலக்கரைக் கோயில்பிள்ளை. காதை வெச்சுக் கேட்டுக் கண்டுபுடிச்சாரு. அந்தச் சாவியும் அவர் ஒட்டினதுதான்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நல்ல தமாஷான அம்மா என்று யாரோ சொன்னது கேட்டது. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் தைரியராஜ் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கிடம் வந்தார். சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"இந்தம்மா சொல்றது நிஜம். இவங்க என்கிட்ட முதல்லயே சொன்னாங்க. நான் சிரிச்சேன், இப்ப நீங்க சிரிச்ச மாதிரி. படத்துல எழுத்து மாறியிருந்துச்சு. அதைக் கேட்டது இவங்க கணவர், நான் இல்ல. இதை நான் படிச்ச பேப்பர்ல எழுதியிருக்கணும். எழுதல."

அவர் கீழே இறங்கிப் போய் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டி வந்தார். வீட்டுக்காரருக்குக் கூச்சம். நடையில் பாதி முழங்கால் போடுவது போல இருந்தது.

எனக்கு டாக்டரைப் பற்றி நல்ல கிண்டல் ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது. சொல்லியிருந்தால் அந்த ஹாலே அதிர்ந்திருக்கும். விழுங்கிவிட்டேன். டாக்டர் அனுமதித்த அளவுக்கு மேல் நான் இன்று விழுங்கியது அது ஒன்றுதான்.

இரவு உணவு: இட்லி ஒன்று. பாதியை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார்.